முள் எழும்பாத ஞாயிற்றுக்கிழமை

“வரைஞ்சு காட்டிட்டா வண்டி ஓடிருமா பாப்பா?”

இரண்டு வருடங்களுக்கு முன், மதுரை விளாங்குடியில் திண்டுக்கல் சாலையை ஒட்டிய ஒரு கார் பட்டறையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் பட்டறைக்காரர். நாற்பதைத் தாண்டியவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் கையில் நான் கொடுத்த வரைபடத் தாள் இருந்தது. அதை நேராகப் பிடித்துப் பார்த்தார், பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார், பிறகு எண்ணெய்க் கறை படாமல் ஓரத்தை மட்டும் பிடித்துப் பத்திரமாக என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கேள்வியைவிட அந்தப் பத்திரம்தான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

நான் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தண்ணீர் பம்புக்கான உதிரிப் பாகங்கள் செய்யும் கம்பெனி. அந்தப் பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான், கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. கேட்பவர்களுக்குத்தான் சில சமயம் சங்கடமாக இருக்கும்.

அந்தப் பட்டறையில் நான் சரிசெய்துகொண்டிருந்த கார் என்னைவிட வயதில் மூத்தது. எங்கள் ஊர் வாடிப்பட்டிப் பக்கம். அப்பாவும் அவருக்கு முந்தியவர்களும் சொந்தமாக நிலம் இல்லாமல் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். அந்த வயல்களின் சொந்தக்காரர் வீட்டில் நின்ற கார் அது. மழைக்காலத்தில் அது சேற்றில் சிக்கிக்கொள்ளும்போது, அப்பாவும் அம்மாவின் அண்ணனான என் மாமாவும் பின்னால் நின்று தள்ளியிருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்ததில்லை. பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகள் வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். மோட்டார் ரூமில் வைக்கோலுக்கும் உர மூட்டைக்கும் நடுவில் கார் மட்டும் நின்றது. நான் போய்க் கேட்டேன். இடத்தைக் காலி செய்தால் போதும் என்பதுபோல் கொடுத்துவிட்டார்கள். செய்தியைச் சொன்னபோது அப்பா, “அந்த வண்டியா?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கு விளாங்குடியில் வாடகை அறை. நடந்து போகும் தூரத்தில் பட்டறை இருந்ததால் காரை அங்கே இழுத்து வந்து நிறுத்தினோம். பின்பக்கம் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்த பட்டறைக்காரர், கனமானதைத் தூக்க வேண்டுமானால் மட்டும் தன்னைக் கூப்பிடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த மூலையில் போயின. இன்ஜினை இறக்கி முழுவதுமாகப் பிரித்தேன். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கும் ஒரு பட்டறையில் சிலிண்டர்களைக் கடைந்து, அந்த அளவுக்குப் புது பிஸ்டன் தேடிப் போட்டேன். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் பழைய விசிறியை எடுத்துவிட்டு, சூடேறினால் தானாகச் சுற்றும் மின்விசிறி வைத்தேன். எண்ணெய் அழுத்தத்துக்கு அந்தக் காரில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான் இருந்தது. அதை நான் நம்பவில்லை. முள் வைத்த மீட்டர் ஒன்றை வாங்கி, இன்ஜினிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் இழுத்துப் பொருத்தினேன்.

பட்டறைக்காரர் கிண்டல் செய்த வரைபடம் ஆயில் ஃபில்டர் சம்பந்தப்பட்டது. அந்த இன்ஜினில் இருந்தது அந்தக் காலத்துக் கிண்ணம் போன்ற ஃபில்டர். அதற்குள் போடும் சுருள் இப்போது சரியாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கசியும். இன்றைய கார்களில் வரும் டப்பா போன்ற ஃபில்டரை அதில் மாட்ட வேண்டுமானால் நடுவில் ஒரு தகடு வேண்டும். இன்ஜினோடு நான்கு போல்ட்டில் உட்காரும் தடித்த அலுமினியத் தகடு. அதில் எண்ணெய் வர ஒரு துளை, திரும்பிப் போக ஒரு துளை. நான் வரைந்து, எங்கள் கம்பெனியிலேயே முதலாளியிடம் கேட்டுக் கடைந்து வாங்கினேன். நான்கு போல்ட் துளைகளும் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகள்போல் கச்சிதமாக இருந்தன. இன்ஜினில் ஏற்கெனவே அப்படித் துளைகள் இல்லை. புதிதாகத் துளையிட்டு மரை போட வேண்டியிருந்ததால், இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கம்பெனி பஸ்ஸில் வந்தேன்.

ஒருவழியாக எல்லாம் பொருத்தி இன்ஜினைக் காரில் ஏற்றினோம். எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு முதல்முறையாக ஸ்டார்ட் செய்வது என்று வீட்டில் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், விஷயம் என் கையை விட்டுப் போய்விட்டது. அம்மா காலண்டர் பார்த்து மூன்றரை முதல் நாலரைக்குள் என்று முடிவு செய்தாள். நாலரைக்கு மேல் ராகு காலம்.

அன்று மூன்று மணிக்கே வந்து இறங்கினார்கள். அப்பா, அம்மா, மாமா, இன்னும் சொந்தத்தில் நாலைந்து பேர். அம்மா காரின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து மாலை போட்டாள். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பிறகு அப்பாவை முன் சீட்டில் உட்காரச் சொன்னாள். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கதவுக்கு வெளியே ஜோடியாக விட்டுவிட்டு ஏறினார். ஏறி உட்கார்ந்தவர் எதன்மேலும் கை படாமல் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

புதிதாகச் சேர்த்த இன்ஜினை உடனே ஓடவிடக் கூடாது. உள்ளே சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவில் எண்ணெய் போய்ச் சேர வேண்டும். காய்ந்த நிலையில் ஓடினால் இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அந்தத் தண்டுக்கு மாற்றுத் தண்டு கிடையாது. நான் தேடாத பழைய சாமான் கடை மதுரையில் இல்லை. அது போனால் வண்டி திரும்ப மோட்டார் ரூமுக்குத்தான் போக வேண்டும். அதனால் பெட்ரோலைப் பற்றவைக்கும் நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, பற்றாத இன்ஜினை ஸ்டார்ட்டரால் வெறுமனே சுற்றவிடுவது என்று வைத்திருந்தேன். அப்படிச் சுற்றும்போது பம்பு எண்ணெயை இழுக்கும், மீட்டரில் முள் எழும்பும். முள் எழும்பிய பிறகு பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டியதுதான்.

சுற்றினேன். முள் எழும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி சுற்றினேன். முள் அடியிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது.

பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். “மீட்டரு புதுசுல்ல பாப்பா. புதுசு பாதி நேரம் பொய்தான் சொல்லும். பிளக்க மாட்டி அடிச்சு விடு, ஓட ஆரம்பிச்சா ஆயிலு தன்னால ஏறும்.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எத்தனையோ இன்ஜின்களை அப்படித்தான் ஓடவிட்டிருக்கிறார், அவையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்க்க அதன் பின்னால் வரும் செம்புக் குழாயைக் கழற்றி ஒரு துணிமேல் வைத்துவிட்டு இன்ஜினைச் சுற்றினேன். துணியில் ஒரு சொட்டுகூட விழவில்லை. எண்ணெய் அங்கே வரவே இல்லை.

பம்பில் காற்று நின்றிருக்கலாம் என்று நினைத்து, குழாய் வழியாகவே எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். பேட்டரி களைத்துவிட்டது. பட்டறையில் இருந்த இன்னொரு பேட்டரியோடு ஒயரால் இணைத்துச் சுற்றினோம். அப்போதும் முள் எழும்பவில்லை. அதற்குள் மணி நாலைத் தாண்டிவிட்டது. சொந்தக்காரர்கள் முதலில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பிறகு யோசனை தீர்ந்துபோய் சும்மா நின்றார்கள்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் பின்பக்கம் போனார். “எறங்குங்க மாப்ள. இந்த வண்டிய நாம என்னைக்கு உக்காந்து ஓட்டுனோம்? பழகுன வேலதான, தள்ளி விட்ருவோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் கை கதவின் கைப்பிடிக்குப் போனது.

பிளக்கை மாட்டித் தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் காய்ந்த இன்ஜின்தான் ஓடும். ஆனால் அந்த நேரத்தில் நான் நினைத்தது இன்ஜினைப் பற்றி மட்டும் அல்ல. “நீங்க எறங்காதீங்கப்பா” என்றேன். சொன்ன குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக இருந்தது. சாவியை எடுத்துப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

“என்ன மருமகளே,” என்றார் மாமா, “சாவியப் பைக்குள்ள போட்டா நல்ல நேரம் நிக்குமா?”

அம்மா பக்கத்தில் வந்து, இம்புட்டுப் பேர் வந்திருக்கிறார்களே, ஒரு தடவை பேருக்கு ஓடவிட்டு நிறுத்திவிடேன் என்று காதில் சொன்னாள். பேருக்கு ஓடவிடுவது என்ற ஒன்று இதில் இல்லை என்று அவளுக்குப் புரிய வைக்க எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. எண்ணெய் வராமல் இன்றைக்கு இது ஓடாது, வேண்டுமானால் எல்லாரும் கிளம்பலாம் என்று பொதுவாகச் சொன்னேன். யாரும் கிளம்பவில்லை. அப்பா கதவிலிருந்து கையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பானெட்டுக்குள் குனிந்து, எண்ணெய் போகும் வழியைப் பம்பிலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். பம்பு, குழாய், நான் வரைந்த தகடு. தகட்டின்மேல் விரல் நின்றது. புதன்கிழமை பட்டறைக்காரர் போனில் வேறு ஏதோ பேசும்போது, தகட்டின் ஓரத்தில் லேசாக எண்ணெய் கசிந்ததாகவும், தானே கழற்றிப் பேக்கிங் மாற்றிவிட்டதாகவும் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் கேட்காமலேயே செய்த உதவி அது. நன்றி சொல்லிவிட்டு மறந்துபோயிருந்தேன்.

பேக்கிங் என்பது இரண்டு உலோக முகங்களுக்கு நடுவில் கசியாமல் இருக்க வைக்கும் தடித்த தாள். கடையில் கிடைக்காத அளவுக்குப் பட்டறையில் கையாலேயே செய்துகொள்வார்கள். தாளைத் தகட்டின்மேல் விரித்து, சின்னச் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் ஓரங்களில் தட்டிக்கொண்டே வந்தால், தகட்டின் விளிம்பும் துளைகளும் தாளை அப்படியே வெட்டிவிடும். அண்ணே அதில் கைகாரர். பேசிக்கொண்டே தட்டுவார், கத்தரித்ததுபோல் வந்து விழும்.

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஏற்கெனவே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு நிமிடம் முன்னாலேயே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். நான்கு போல்ட்டையும் அவரே கழற்றினார். தகடு கையோடு வந்தது, பேக்கிங் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றது. எண்ணெய் வெளியே வர வேண்டிய துளை இருந்த இடத்தில் தாள் மூடியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் தாள் ஒரு சின்னக் கொப்புளம்போல் வெளியே உப்பியிருந்தது. பம்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பேக்கிங்கைத் திருப்பிப் போட்டிருந்தார்.

மாமா எங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “கெடுத்தது யாரு?” என்றார்.

பட்டறைக்காரர் கழற்றிய போல்ட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் பட்டறை, அவர் தெரு, வாசலில் டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஆட்கள் வேறு. வரைந்தால் வண்டி ஓடிவிடுமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு அமையாது. வாய்வரைக்கும் வந்துவிட்டது.

பேக்கிங்கை உரித்துத் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்தது. திருப்பி வைத்தேன். அப்போதும் அதேபோல் உட்கார்ந்தது. நான்கு போல்ட் துளைகளும் இம்மி பிசகாமல் பொருந்தின, உள்ளே எண்ணெய்த் துளை மட்டும் மூடிக்கொண்டது. போல்ட் சரியாக இறங்கினால் பேக்கிங் சரி என்றுதான் எந்தக் கையும் நினைக்கும். இன்ஜினில் போல்ட்டுக்கான இடத்தை நானே தேர்ந்தெடுத்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா. சதுரமாக, அழகாக இருக்க வேண்டும் என்றுதான் தேர்ந்தெடுத்தேன். தப்பாக மாட்டவும் அழகாக வழி செய்து வைத்திருந்தேன்.

“வரைஞ்சது சரியில்ல மாமா,” என்றேன். “எப்பிடிப் போட்டாலும் உக்காருற மாதிரி வரைஞ்சிருக்கேன்.”

பெருந்தன்மையாகச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கையில் இருந்ததைப் பார்த்தபின் வேறு எதைச் சொன்னாலும் அது பொய்யாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் கழிவு நூலால் கையைத் துடைத்துக்கொண்டே மாமாவைப் பார்த்துச் சொன்னார். “வரைஞ்சது அது, மாட்டுனது நானு. ரெண்டு பேரையும் சேத்து ஒரே வசவா வஞ்சிருங்கண்ணே. வேல கெடக்கு.”

அவர் புதுப் பேக்கிங் தட்டினார். நான் அதை வாங்கி, இரண்டு பக்கமும் பசை தடவி, துளைகளை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து மாட்டினேன். அப்போது மணி ஐந்து. அம்மா குறுக்கே நின்றாள். ராகு காலம் முடியாமல் சாவியைத் தொடக் கூடாது என்றாள். பசை காய்வதற்கு எப்படியும் ஒரு மணி நேரம் வேண்டும். சரி, ஆறு மணி வரை பொறுக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். நான் அன்று கேட்ட ஒரே பேச்சு தன் பேச்சுதான் என்று அம்மா இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை.

டீ வந்தது. அப்பா காரை விட்டு இறங்காமலேயே டீ குடித்தார்.

ஆறு மணிக்கு மேல் பிளக் இல்லாமல் மறுபடி சுற்றினேன். முள் முதலில் நடுங்கியது, பிறகு மெதுவாக எழும்பிப் பாதி வரை வந்து நின்றது. பட்டறைக்காரர் மீட்டரை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். முள் இறங்கவில்லை. பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் நீட்டினார்.

இன்ஜின் உடனே பிடித்துவிடவில்லை. இரண்டு முறை இருமியது, மூன்றாவது முறை நீலப் புகையைக் கக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் சூடேறவிட்டு, கியர் போட்டு மெதுவாக நகர்த்தினேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பட்டறையிலிருந்து திண்டுக்கல் சாலை வரைக்கும், அங்கிருந்து ஒரு பெட்ரோல் பங்க் வரைக்கும் போனோம். அவ்வளவுதான் அன்றைய பயணம். அப்பா முன்னால், மாமா பின்னால். மாமா வழியெல்லாம் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தார்.

பங்க்கில் நிறுத்தியபோது அப்பா இறங்கி நின்றார். நின்ற பிறகுதான் காலைப் பார்த்தார். செருப்பு பட்டறையிலேயே கிடந்தது. எல்லாருக்கும் முன்னால் வெறுங்காலோடு நிற்பது அவருக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு, “முன்னால உக்காந்தா ரோடு அகலமாத் தெரியுது” என்றார். மறுபடி ஏறும்போது முன் சீட்டிலேயே ஏறி, இந்த முறை ஒரு கையை ஜன்னல்மேல் வைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் செருப்போடுதான் ஏறுகிறார்.

அடுத்த வாரமே தகட்டை மறுபடி வரைந்தேன். நான்கு துளைகளில் ஒன்றை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். இனி அதைத் திருப்பிப் போட நினைத்தாலும் போல்ட் இறங்காது. எங்கள் கம்பெனியில் கடைசல் வேலை பார்ப்பவர், இந்த ஒரு துளை மட்டும் கோணலாக இருக்கிறதே, பார்க்க நன்றாக இல்லையே, அளவைத் தப்பாகப் போட்டுவிட்டாயா என்று கேட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நான் பக்கத்தில் இல்லாத ஒரு புதன்கிழமையில், வேறு நினைப்பில் இருக்கும் ஒரு கை இதை எப்படி மாட்டும் என்று யோசிக்காமல் வரைந்தால், அது வெறும் படம்தான். அண்ணே கேட்ட கேள்விக்கு நான் கண்டுபிடித்த பதில் இதுதான், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. போன மாதம் பட்டறைக்கு இன்னொரு பழைய கார் வந்திருக்கிறது, கிண்ண ஃபில்டர் வைத்தது. இதுக்கும் ஒண்ணு வரைஞ்சு கொண்டா என்றார். அளவெடுத்து வந்துவிட்டேன். புதுத் தாளில் நான் முதலில் போட்டது அந்தத் தள்ளி வைத்த துளையைத்தான்.